புதுச்சேரிக் கடற்கரை: உழைப்பும் ஓய்வும்

கடல் ஒன்றேயாயினும் அதனை நாடி வருவோர் இரு திறத்தார். பிழைக்க வருவோர் ஒரு திறத்தார். இளைப்பாற வருவோர் மற்றொரு திறத்தார். இவ்விரு திறத்தாரையும் ஒரே கரையில் ஏற்கும் நகரங்கள் உலகில் பல உண்டு. பிரெஞ்சு நாட்டின் வடகோடியில் உள்ள டன்கர்க் நகரில் ஒருபுறம் கப்பல் துறையும் எஃகு ஆலையும். மறுபுறம் மக்கள் நீராடும் மணற்பரப்பு. தமிழ் கூறும் நல்லுலகிலும் அத்தகைய நகரம் ஒன்று உண்டு. அதுவே பிரெஞ்சுக்காரர் 1674 முதல் 1954 வரை, இடையிடையே இழந்தும் மீட்டும், ஆண்ட புதுச்சேரி.

துறையில்லாத் துறைமுகம்

புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வெகு தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் 'சலங்கு' என்னும் படகுகளே கரை சேர்த்தன. ஆணி அடித்த படகு அலையின் மோதலில் பிளந்துவிடும் ஆதலால், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து அப்படகுகளைச் செய்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்புப் பாலம் ஒன்று கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்டது. 1879இல் விழுப்புரத்திலிருந்து இருப்புப்பாதையும் வந்தது. நிலக்கடலை மார்சேல் துறைமுகத்துக்குச் சென்றது. நீலச் சாயத் துணி மேற்கு ஆப்பிரிக்கா வரை சென்றது.

அந்தத் துணியின் பொருட்டு எழுந்தவையே ஆலைகள். சவானா, ரோடியர், கப்ளே என்று மூன்று பெரும் பஞ்சாலைகள் நகரின் எல்லையில் புகை கக்கின. ஆண்களோடு பெண்களும் சிறுவர்களும் அவற்றில் உழைத்தனர். பொழுது விடியுமுன் சங்கு ஊதும். இருட்டிய பின்னரே வீடு திரும்பலாம். நடந்து போகும் தூரத்தில் கடற்கரை இருந்தும், அங்கே காற்று வாங்க அவர்களுக்கு ஏது பொழுது?

1936

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். 1936ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பாரிசில் லியோன் புளூம் தலைமையில் அமைந்த அரசு, வாரத்துக்கு 40 மணி நேர வேலையையும் ஆண்டுக்கு இரு வாரம் சம்பளத்தோடு கூடிய விடுமுறையையும் சட்டமாக்கிற்று. அதன் பின்னரே பிரெஞ்சுப் பாட்டாளிகள் பெருந்திரளாகக் கடற்கரை நகரங்களைக் கண்டனர். அதே அரசின் ஆட்சிக்கு உட்பட்ட புதுச்சேரியிலோ, எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் கேட்டு வேலை நிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர் மீது அதே ஆண்டு ஜூலை 30ஆம் நாள் துப்பாக்கி வெடித்தது. பன்னிருவர் மாண்டனர். வ. சுப்பையா முன்னின்று நடத்திய அப்போராட்டத்தின் பயனாக, எட்டு மணி நேர வேலையை ஏற்கும் சட்டம் 1937இல் பிறந்தது.

நம் கெடா மண்ணுக்கும் இத்தகைய நினைவு உண்டு. 1947இல் கரங்கானை அடுத்த டப்ளின் தோட்டத்தில் போலீசார் சுட்டதில் தொழிலாளி ஒருவர் உயிர் நீத்தார். விடியற்காலைப் பெரட்டுக்கு நின்றவர்களுக்கும் அவர்தம் மக்களுக்கும், மாலைப் பொழுது என்பது தானாக வந்ததன்று என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காண வேண்டியவை

இன்று புதுச்சேரிக்குச் செல்வோர் முதலில் காண்பது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள கடற்கரைச் சாலை. மாலையில் அதில் வண்டிகள் ஓடா. நடப்பவருக்கே அது உரியது. 1836இல் ஒளி ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், கருங்கல் தூண்கள் சூழ நிற்கும் காந்தியடிகள் சிலை, முதல் உலகப் போரில் மாண்டவர்க்கான நினைவுச்சின்னம், தென்கோடியில் டியூப்ளே சிலை ஆகியவற்றை ஒரே நடையில் கண்டுவிடலாம். உள்ளே சென்றால், ஒரு பெரிய வாய்க்கால் நகரை இரண்டாக வகுத்திருப்பதைக் காணலாம். கிழக்கே வெள்ளையர் வாழ்ந்த பகுதி. மேற்கே திண்ணை வீடுகள் நிறைந்த தமிழர் பகுதி. தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் நடந்த அகழ்வாய்வு, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோம நாட்டோடு நடந்த வாணிகத்தை மெய்ப்பித்தது.

மணல் போன கதை

ஆயினும் அங்கே ஒரு குறை தோன்றும். கடற்கரை எனச் சென்றால் கருங்கற்குவியல் எதிர்ப்படும். இதன் காரணம் யாதெனில், தமிழகத்தின் கீழைக்கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்கென அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. வழி மறிக்கப்பட்ட மணல் தெற்கே குவிந்தது. வடக்கே நகரின் கரை அரித்துப் போயிற்று. எஞ்சியதைக் காக்கவே கற்கள் கொட்டப்பட்டன. 2018இல் நீருக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்த பின் ஓரளவு மணல் திரும்பியது.

பழைய பாலம் 1952ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது; பின்னர்க் கட்டிய பாலத்தின் ஒரு பகுதியும் 2022இல் இடிந்து விழுந்தது. ரோடியர் ஆலை 2020இல் மூடப்பட்டது. துறை தளர்ந்தது, ஆலை அடங்கிற்று. எஞ்சியிருப்பது காண வருவோர் கூட்டம்.

ஒரு நகரத்தின் அழகு கட்டடத்தில் மட்டும் இல்லை. அக்கரையில் மாலைக் காற்று வாங்குகிறவன், அந்த மாலையை வாங்கித் தந்தவர் யார் என்பதையும், அந்த மணல் எங்கே போயிற்று என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். கரங்கானிலிருந்து பினாங்குக் கடலைக் காணச் செல்லும் நமக்கும் இவ்வறிவு பொருந்தும்.