குளிருக்கு ஆர்சனல், கோடைக்கு மிடில்செக்ஸ்

டெனிஸ் காம்ப்டன் 1918 மே 23 அன்று லண்டனை ஒட்டிய ஹெண்டனில் பிறந்தார். கோடையில் மிடில்செக்ஸ் அணிக்குக் கிரிக்கெட், குளிர்காலத்தில் ஆர்சனல் கிளப்புக்குக் கால்பந்து என இரண்டிலும் சம்பளத்துக்கு ஆடியவர். அன்றைய இங்கிலாந்தில் இது அதிசயமல்ல. கால்பந்துக்காரரின் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. கிரிக்கெட்டிலும் பெரிய பணம் புரளவில்லை. இரு பருவங்களும் ஓரத்தில் மட்டுமே உரசிக்கொண்டன. அண்ணன் லெஸ்லியும் இதே வழிதான்: மிடில்செக்ஸின் விக்கெட் கீப்பர், ஆர்சனலின் சென்டர் ஹாஃப்.

15 வயதில் லார்ட்ஸ் மைதானப் பணியாளர்களில் ஒருவராகச் சேர்ந்த டெனிஸ், 1936இல் மிடில்செக்ஸுக்கு ஆட வந்தபோது இறங்கியது 11ஆவது ஆளாக. பருவம் முடிவதற்குள் 1000 ரன்னைத் தாண்டிவிட்டார். அந்தச் செப்டம்பரிலேயே ஆர்சனலின் இடது விங்கில் அறிமுகம். 1938இல் ட்ரெண்ட் பிரிட்ஜில் பிராட்மனின் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 102 ரன் எடுத்தபோது வயது 20. அவ்வளவு இளம் வயதில் இங்கிலாந்துக்காக அதற்குமுன் எவரும் டெஸ்ட் சதம் அடித்ததில்லை.

இரண்டாம் உலகப் போர் அவரை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. இந்தூருக்குப் பக்கத்து மாவ் ராணுவ முகாமில் பணி, ஓய்வில் சி.கே. நாயுடுவின் ஹோல்கர் அணிக்கு ரஞ்சி ஆட்டம். 1945 மார்ச்சில் பம்பாயில் நடந்த இறுதிப் போட்டியில் ஹோல்கருக்கு வைக்கப்பட்ட இலக்கு 867. எட்டவே முடியாத அந்த எண்ணைத் துரத்தி காம்ப்டன் ஆட்டமிழக்காமல் 249 எடுத்தார். அணி 374 ரன்னில் தோற்றது.

அவர் பேர் நிலைத்தது 1947ஆம் ஆண்டுக் கோடையில். ரேஷனும் போர்க் களைப்பும் தீராத நாட்டில் சனம் திரண்டு வந்து பார்த்தது அவர் பந்தைத் துடைத்தெடுக்கும் ஸ்வீப்பை. அந்த ஒரே பருவத்தில் 3816 ரன், 18 சதம், சராசரி 90.85. 1925இல் ஜாக் ஹாப்ஸ் அடித்த 16 சதம்தான் அதுவரை சாதனை. போதாததற்கு இடக்கைச் சுழலில் 73 விக்கெட்.

ஒழுங்கு மட்டும் அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. மட்டையை மறந்துவிட்டு வந்து அடுத்தவர் மட்டையில் சதம் அடிப்பார். ஓட்டத்துக்கு அவர் குரல் கொடுத்தால் எதிர்முனையில் நிற்பவருக்கு வயிற்றைக் கலக்கும். அண்ணனின் பெனிஃபிட் ஆட்டத்திலேயே அண்ணனை ரன் அவுட் ஆக்கியவர். பிரித்துப் பார்க்காத கடிதங்கள் ஒரு சூட்கேஸ் நிறையக் கிடந்தன. ஒரு பத்திரிகை ஆண்டுக்கு 2000 பவுண்ட் தருவதாக எழுதியதும், பதில் வராததால் அதைத் திரும்பப் பெற்றதும் அதற்குள்ளேயே இருந்தனவாம். அதன்பின் பாக்னல் ஹார்வி என்ற முகவர் பொறுப்பேற்றார். பிரில்கிரீம் தலைக்கிரீம் விளம்பரத்தில் காம்ப்டனின் முகம் ஊரெங்கும் தெரிந்தது.

கால்பந்து வாழ்க்கையைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கித்தான் சொல்கிறார்கள். லீக்கில் 54 ஆட்டம், 15 கோல், அவ்வளவே. இங்கிலாந்துக்காக 12 முறை ஆடியதும் போர்க்கால ஆட்டங்களில். அவை அதிகாரபூர்வக் கணக்கில் வரவில்லை. ஆனாலும் 1947-48 லீக் பட்டம் வென்ற அணியில் அவர் இருந்தார். 1950இல் வெம்ப்ளியில் லிவர்பூலை 2-0 என வென்று எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கிய ஆர்சனலில் அண்ணன் தம்பி இருவருமே ஆடினார்கள்.

கால்பந்துக்கான விலையைக் கிரிக்கெட் கொடுத்தது. 1938இல் சார்ல்டன் கோல்கீப்பருடன் மோதியதில் அடிபட்ட வலது முழங்கால், போருக்குப்பின் ஆண்டுக்காண்டு மோசமானது. 1955 நவம்பரில் முழங்கால் சில்லையே எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஓவலில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நொண்டியபடி வந்து 94 அடித்தார். ஆறு ரன் குறைந்த அந்த இன்னிங்ஸ் அவருடைய பல சதங்களைவிட மேல்.

78 டெஸ்டில் 5807 ரன், 17 சதம். முதல்தரப் போட்டிகளில் 123 சதம். 1957இல் தொழில்முறை ஆட்டத்தை விட்டபின் பத்திரிகையில் எழுதினார், வர்ணனை செய்தார். 1997 ஏப்ரல் 23 அன்று காலமானார். பேரன் நிக் காம்ப்டன் 2012இல் இங்கிலாந்துக்காக முதல் டெஸ்ட் ஆடியது அகமதாபாத்தில்.