காபன் வரியும் மின்சார வாகனமும்: வன்னியின் கணக்கை யார் கேட்பது?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது என் சாச்சாவின் மகன் பிடித்துக்கொண்டான். அவன் வவுனியா டவுனில் ஓட்டோ ஓட்டுகிறான். "நானா, கரண்ட் ஓட்டோ ஒன்று எடுப்போமா? பெற்றோல் காசு கட்டுப்படியாகுதில்ல" என்றான். ஓமென்றோ வேண்டாமென்றோ ஒரு சொல்லில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அந்தப் பதிலின் பாதி அவன் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. அது ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயில், பாராளுமன்றக் குழு அறைகளில் இருக்கிறது.

பாராளுமன்றம் என்றால் சபையில் நடக்கும் கூச்சலும் குழப்பமும்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். வரி விடயத்தில் உண்மையான வேலை நடப்பது குழுக்களில். வாகன வரி, இறக்குமதிக் கட்டுப்பாடு பற்றி அரசாங்கம் வெளியிடும் வர்த்தமானிகளை ஆராய்வது அரசாங்க நிதி பற்றிய குழு. இந்தப் பாராளுமன்றத்தில் அதன் தலைவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்த கலாநிதி ஹர்ஷ டி சில்வா. நிதியமைச்சு, சுங்கம் போன்றவற்றின் அதிகாரிகளை அழைத்து "இந்த வரி ஏன், யாருக்கு, எவ்வளவு வருமானம்" என்று அந்தக் குழுவால் கேட்க முடியும். அரச தொழில் நிறுவனங்களின் கணக்கு வழக்குகளைப் பார்ப்பது கோப் குழு. இவை தவிர துறைசார் மேற்பார்வைக் குழுக்களும் இருக்கின்றன.

இந்த அறைகளில் பேசப்படும் காபன் வரி, மின்சார வாகன வரி இரண்டும் வன்னிக்கு என்ன செய்யும் என்பதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன்.

காபன் விலை என்பதன் கருத்து எளிமையானது. பெற்றோல் எரிந்தால் புகை வருகிறது. அந்தப் புகையால் வரும் கேட்டை ஊரே சுமக்கிறது, புகைவிட்டவர் அதற்கு ஒன்றும் கொடுப்பதில்லை. ஆகவே புகைக்கு ஒரு விலை வைத்தால் மக்கள் குறைவாக எரிப்பார்கள், வேறு வழி தேடுவார்கள் என்பதுதான் வாதம். சிங்கப்பூர் 2019இல் பெரிய தொழிற்சாலைகள், மின் நிலையங்கள் மீது இப்படியொரு வரி விதித்து, படிப்படியாக உயர்த்தி வருகிறது.

இலங்கையும் அதே 2019ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கியது என்பது பலருக்கு மறந்துவிட்டது. அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர 2017 நவம்பரில் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில் காபன் வரியை அறிவித்தார். 2018ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க நிதிச் சட்டம் அதைச் சட்டமாக்கியது. வருடாந்த வாகன அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது இந்த வரியையும் கட்ட வேண்டும். 2040க்குள் நாட்டின் எல்லா வாகனங்களும் பெற்றோல், டீசலை விட்டுவிட வேண்டும் என்ற இலக்கும் அதே வரவு செலவுத் திட்டத்தில்தான் வந்தது.

அந்த வரி அட்டவணை எஞ்சினின் கொள்ளளவையும் வாகனத்தின் வயதையும் வைத்துப் போடப்பட்டது. 5 வருடத்துக்குட்பட்ட ஹைபிரிட் வாகனத்துக்கு ஒரு சீசீக்கு 25 சதம். 10 வருடத்துக்கு மேற்பட்ட பெற்றோல் வாகனத்துக்கு ஒரு சீசீக்கு 1 ரூபாய் 50 சதம். இதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முள்ளியவளையில் ஒரு கூலித் தொழிலாளியிடம் உள்ள பழைய 125 சீசீ மோட்டார் சைக்கிளுக்கு வருடத்துக்கு 187 ரூபாய் 50 சதம். கொழும்பில் ஒருவர் புதிதாக எடுத்த 1000 சீசீ ஹைபிரிட் காருக்கு 250 ரூபாய். இரண்டு வாகனங்களின் விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வரியில் வித்தியாசம் 62 ரூபாய் 50 சதம் மட்டுமே.

தொகை சிறியதுதான். அதன் திசையைப் பாருங்கள். பழைய வாகனம் கூடுதலாகப் புகைக்கிறது என்பது உண்மை. ஆனால் பழைய வாகனத்தை வைத்திருப்பவர் ஆசைப்பட்டு வைத்திருக்கவில்லை, புதியது வாங்க வழியில்லாமல் வைத்திருக்கிறார். மாற்று வழி ஒன்றைக் கொடுக்காமல் புகைக்கு மட்டும் விலை வைத்தால், கடைசியில் அது ஏழ்மைக்கு வைத்த விலையாகிவிடும். 2019 நவம்பரில் ஆட்சி மாறியது. அதையடுத்து வந்த பெரும் வரிக் குறைப்புகளோடு காபன் வரியும் போய்விட்டது. அதற்காக அழுதவர் எவருமில்லை. வசூலித்த பணத்தில் தங்கள் ஊருக்கு ஒரு பஸ்ஸாவது வந்தது என்று சொல்ல மக்களிடம் எதுவும் இருக்கவில்லை.

கனடாவிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். அங்கே எரிபொருளுக்கு வைத்த காபன் விலையின் பெரும்பகுதியைக் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அப்படியிருந்தும் விலை கண்ணுக்குத் தெரிந்த அளவுக்குத் திரும்பி வந்த பணம் தெரியவில்லை. 2025 ஏப்ரலில் அதைக் கைவிட்டார்கள்.

காபன் வரி என்ற பெயர் இன்று நம் நாட்டில் இல்லை. அதற்காகப் பெற்றோல் வரியில்லாமல் வருகிறது என்று நினைக்க வேண்டாம். 2024 ஜனவரியிலிருந்து பெற்றோலுக்கும் டீசலுக்கும் 18 சதவீத பெறுமதி சேர் வரியும் சேர்ந்திருக்கிறது. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புக்கு ஊற்றும் எண்ணெயிலும், லேண்ட்மாஸ்டருக்கு ஊற்றும் எண்ணெயிலும் வரி இருக்கிறது.

அடுத்தது மின்சார வாகனம். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. பெற்றோல் காருக்கு எஞ்சின் கொள்ளளவை வைத்து வரி போடுவதுபோல, மின்சாரக் காருக்கு மோட்டாரின் வலுவை வைத்து, ஒரு கிலோவாற்றுக்கு இவ்வளவு என்று வரி. வலு கூடக் கூட வரியும் தாவி ஏறும். அதனால்தான் அதே ஆண்டில், இறக்குமதியான ஒரு வகைக் கார்களின் மோட்டார் 100 கிலோவாற்றா 150 கிலோவாற்றா என்று பெரிய சர்ச்சை எழுந்து, சுங்கம் வாகனங்களைத் தடுத்து வைக்கும் அளவுக்குப் போனது.

இவையெல்லாம் கேட்கப்பட வேண்டிய கேள்விகள்தான். ஆனால் பேச்சு முழுவதும் காரைச் சுற்றியே நடக்கிறது. நாட்டில் பதிவான வாகனங்கள் 80 இலட்சத்துக்கு மேல். அதில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். முச்சக்கர வண்டிகள் 11 இலட்சத்துக்கு மேல். வன்னியில் ஒரு நாள் வீதியோரம் நின்று எண்ணிப் பார்த்தால் மோட்டார் சைக்கிள், ஓட்டோ, லேண்ட்மாஸ்டர், உழவு இயந்திரம், பஸ், இவற்றுக்குப் பிறகுதான் கார் வரும்.

எரிபொருளின் அருமை வன்னிக்குப் புதிதாகச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் சில சொட்டுப் பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மண் இது. 2022இல் கியூஆர் முறை வந்தபோது தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். ஓட்டோக்காரர் ஒருவர் அதை வைத்து எப்படிக் குடும்பம் நடத்துவது?

வடக்கு முஸ்லிம்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. புத்தளத்தில் வளர்ந்தேன். யுத்தம் முடிந்து திரும்பினோம், ஆனால் முழுதாகத் திரும்பவில்லை. காணி முல்லைத்தீவில், பிள்ளைகளின் பாடசாலை புத்தளத்தில் என்று இரண்டாகப் பிரிந்து வாழும் குடும்பங்கள் இன்றும் உண்டு. புத்தளத்திலிருந்து வவுனியாவுக்கு ஏறக்குறைய 130 கிலோமீற்றர். அங்கிருந்து மாங்குளம் வழியாக முல்லைத்தீவுக்கு இன்னும் ஏறக்குறைய 90. பெற்றோலில் ஏறும் ஒவ்வொரு ரூபாயும் இந்தக் குடும்பங்களை இன்னும் கொஞ்சம் தூரமாக்குகிறது.

மின்சாரத்துக்கு மாறினால் புகை போய்விடுமா? மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்வோம். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடினால் 100 கிலோமீற்றருக்கு 2 லீற்றர். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் வெளியாகும் காபனீரொட்சைட்டு ஏறக்குறைய 2.3 கிலோ. ஆக 4.6 கிலோ. ஒரு மின்சார ஸ்கூட்டருக்கு அதே தூரத்துக்கு 3 யுனிற் அளவு போதும். அது முழுவதும் நிலக்கரி மின்சாரம் என்றே வைத்தாலும் யுனிற்றுக்கு 1 கிலோ அளவுதான். ஆகவே மொத்தப் புகை குறைகிறது, அதில் சந்தேகமில்லை.

ஆனால் மிச்சப் புகை எங்கே போகிறது? நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கைத் தருவது 900 மெகாவாற் நுரைச்சோலை அனல் மின் நிலையம். அது இருப்பது கற்பிட்டிக் குடாநாட்டில். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எங்கள் மக்களில் பெருந்தொகையானோர் குடியேறிய பக்கம் அது. நிலக்கரித் தூசும் சாம்பலும் பற்றி அந்தப் பகுதி மக்கள் பல வருடங்களாக முறையிடுகிறார்கள். வவுனியாவில் நான் இரவில் சார்ஜ் பண்ணும் மின்சாரத்தின் ஒரு பங்குப் புகை, புத்தளத்தில் இருக்கும் என் சொந்தக்காரரின் முற்றத்தில் விழக்கூடும்.

இதற்கு வழி இருக்கிறது, அது பகலில் இருக்கிறது. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்து சூரிய மின்சாரம் மிதமிஞ்சியதால், கூரைச் சூரியப் படலங்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. ஒரு பக்கம் நண்பகல் மின்சாரத்தை வீணாக்குகிறோம், மறுபக்கம் அந்நியச் செலாவணி கொடுத்துப் பெற்றோல் வாங்குகிறோம். ஓட்டோக்காரர் மதியம் சாப்பிட்டு, லுஹர் தொழுது, நிழலில் நிற்கும் நேரமும் அதே நேரம்தான். பஸ் நிலையம், சந்தை, பள்ளிவாசல், கோயில் வளாகங்களில் பகல் நேரக் குறைந்த கட்டணத்தில் சார்ஜ் பண்ண வசதி செய்தால் நிலக்கரியும் குறையும், தொழிலாளியின் செலவும் குறையும்.

ஆகவே குழுக்களிடம் மூன்று விடயங்களைக் கேட்க வேண்டும். ஒன்று, மின்சார வாகனச் சலுகை காரிலிருந்து அல்லாமல் மோட்டார் சைக்கிள், ஓட்டோ, பஸ் ஆகியவற்றிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு, காபன் வரி மீண்டும் வருமானால் வாகனத்தின் பெறுமதியையும் கணக்கில் எடுக்க வேண்டும், வசூலான பணம் கிராமப் பஸ் சேவைக்கும் பழைய எஞ்சினை மாற்றுவதற்கும் போவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். மூன்று, ஒரு தடவை வைத்த கொள்கை சில வருடங்களாவது நிலைக்க வேண்டும். இன்று சலுகை, நாளை வரி என்றால் கடன் வாங்கி வண்டி எடுப்பவர்தான் விழுவார்.

இதை யார் கேட்பது? வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் மூன்றும் வன்னித் தேர்தல் மாவட்டம், ஆறு ஆசனங்கள். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில். நம் பிரதிநிதிகளிடம் வீதி கேட்கிறோம், வேலை கேட்கிறோம். "எந்தக் குழுவில் இருக்கிறீர்கள், அங்கே என்ன கேட்டீர்கள்" என்று எவரும் கேட்பதில்லை. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் ஊடாகப் பொதுமனு கொடுக்கலாம், தமிழிலேயே கொடுக்கலாம். ஓட்டோ சங்கமும் பள்ளிவாசல் நிர்வாகமும் விவசாய அமைப்பும் சேர்ந்து ஒரு பக்கத்தில் இந்தக் கணக்கை எழுதிக் கொடுத்தால், குழுவுக்கு முன் வைக்க அவர்களிடம் ஏதாவது இருக்கும்.

சாச்சாவின் மகனுக்கு நான் சொன்னது இதுதான்: "அவசரப்பட்டுக் கடன் எடுக்காதே. ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறாய், எவ்வளவு பெற்றோல் போகிறது என்று ஒரு மாதம் கொப்பியில் எழுதிவை." அவன் எழுதத் தொடங்கியிருக்கிறான். டவுனில் ஓடும் மற்ற ஓட்டோக்காரர்களும் எழுதினால், மனுவோடு இணைத்து அனுப்ப அதுவே போதும்.