விளையாட்டிற் போட்டி

போட்டி என்றவுடனே பொறாமையை நினைப்பாரும் உளர். பரிசுக் கோப்பையை நினைப்பாரும் உளர். இவ்விரண்டும் போட்டியை ஒட்டி வருவனவேயன்றிப் போட்டியாகா. இதனை நம் ஜில்லாவில் வழங்கும் இரண்டு விளையாட்டுக்களைக் கொண்டு ஆராய்வாம்.

வடலிவிளையிற் பொங்கல்தோறும் இளவட்டக்கல் தூக்கும் போட்டி நடைபெறுகின்றது. பெண்டிரும் கலந்துகொள்கின்றனர். கல் உருண்டை வடிவினது, வழுவழுப்பானது, பிடித்தற்கு இடமில்லாதது. குந்தியிருந்து அணைத்து, தொடையிலேற்றி, மார்பிற் சாய்த்து, தோளுக்குக் கொணர்ந்து பின்புறம் எறிதல் வேண்டும். இக்கல்லைத் தூக்கியவனுக்கே முன்னாளிற் பெண் கொடுத்தனர் என்பது செவிவழிச் செய்தி. (இக்காலத்துப் பரீட்சைகளினும் அது கடினமே!) இங்கே எதிராளி கல். சென்ற ஆண்டின் எடையே அதற்கு இவ்வாண்டும் உண்டு. ஆதலின் மாறியவர் நாமே என்பதை அது பொய்யின்றிக் காட்டும்.

சடுகுடுவோ வேறு. கல் ஏமாற்றாது, ஆள் ஏமாற்றுவான். கட்சிக்கு எழுவர். பாடிச் செல்வோன் மூச்சு விடாது நடுக்கோட்டைக் கடந்து, எதிர்க்கட்சியாரைத் தொட்டு மீளவேண்டும். தொடப்பட்டவன் வெளியேறுவான், தன் கட்சியார் எதிரி ஒருவனை வீழ்த்தியதும் மீண்டும் உட்புகுவான். போர்க்களத்தில் மாண்டவன் இங்ஙனம் மீள்வதுண்டோ? பகையின் நோக்கம் எதிரியை இல்லாதொழித்தல். போட்டிக்கோ எதிராளி இல்லையேல் ஆட்டமே இல்லை. அவன் வலியனாயின் நம் வலியும் வெளிப்படும். ஊர்க்கட்சியும் சாதிக்கட்சியும் களத்திற் புகுந்தால் அந்நடுக்கோடே வேலியாகிவிடும். இதனை நம் ஜில்லா அறியாததன்று. 1990களிற் சாதிப்பூசலால் இங்கே உயிர்கள் மாய்ந்தன. அக்காலத்திலேதான் தாமிரபரணிக் கரைநாட்டு மணத்தியூர்க் கணேசன், 1994இல் ஹிரோஷிமாவில் நடந்த ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் குழுவில் நின்று ஆடினார். 1995ஆம் ஆண்டிற்குரிய அருச்சுனா விருதும் பெற்றார்.

1990 முதல் 2014 வரை ஆசிய விளையாட்டின் ஆடவர் கபடித் தங்கம் ஏழு முறையும் இந்தியாவுக்கே வந்தது. 2018இல் ஜகார்த்தாவில் ஆடவர் அரையிறுதியிலும், பெண்டிர் இறுதியாட்டத்திலும் ஈரானிடம் தோற்றனர். அவ்வீரான் பெண்களைப் பயிற்றியவர் இந்தியரான ஷைலஜா ஜெயின். நாட்டுக்கு இது நட்டம் என்று சிலர் வருந்தினர். நாம் அங்ஙனம் கருதவில்லை. முடிவு முன்னரே தெரிந்த ஆட்டத்தைக் காண்பதில் யாருக்கு என்ன சுவை? 2023இல் ஹாங்சௌ நகரில் இரு குழுவினரும் தங்கத்தை மீட்டனர். பெண்டிர் இறுதியாட்டத்தில் இந்தியா பெற்ற புள்ளி 26; எதிர்த்து நின்ற சீனத் தைப்பே பெற்றது 25.