அலாரம் கொட்டும்போது காரணம் சொல்வது யார்?

துணை மின் நிலையம் ஒன்றின் பஸ்பாரில் (பல மின்தடங்கள் கூடும் பொதுக் கடத்தியில்) பழுது ஏற்பட்டால், அதோடு இணைந்த பிரேக்கர்கள் (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சுகள்) எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும். பக்கத்து நிலையங்களில் மின்னழுத்தம் இறங்கும், மற்ற தடங்களில் பளு ஏறும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அலாரம் உண்டு. பழுது ஒன்றுதான் என்றாலும், கட்டுப்பாட்டு அறைத் திரையில் சில நொடிகளில் செய்திகள் குவிந்துவிடும். பணியில் இருப்பவர் எதை முதலில் படிப்பார்?

இந்த நெருக்கடியைச் சமாளிக்கத் துணையாகத்தான் 1980களில் ‘வல்லுநர் மென்பொருள்’ மின்துறைக்குள் நுழைந்தது. மின்தடைக்குப் பின் மின் தொகுப்பை மீட்க உதவும் மென்பொருளைப் பற்றி ஜப்பானின் சகாகுச்சியும் மட்சுமோட்டோவும் 1983இல் எழுதினார்கள். அலாரங்களை அலசிச் சொல்லும் முறையை அமெரிக்கப் பொறியாளர் புரூஸ் வொல்லன்பெர்க் 1986இல் முன்வைத்தார்.

அனுபவம் வாய்ந்த பொறியாளர்களிடம் கேட்டறிந்ததை ‘இப்படி நடந்தால் இதுதான் காரணம்’ என்று விதிகளாக எழுதி வைப்பதே வல்லுநர் மென்பொருளின் அடிப்படை. பழுதை உணரும் பஸ்பார் பாதுகாப்பு ரிலே இயங்கி, பிரேக்கர்கள் அனைத்தும் திறந்திருந்தால் பழுது பஸ்பாரில் இருக்கிறது. ஒன்று மட்டும் திறக்காமல், அதற்கான மாற்றுப் பாதுகாப்பு இயங்கியிருந்தால் அந்தப் பிரேக்கர் சிக்கிக்கொண்டிருக்கிறது. ‘திறந்தது’ என்ற செய்தி வராமலே தடத்தில் மின்னோட்டம் பூஜ்யமாகிவிட்டால், செய்தி தொலைந்திருக்கலாம். இப்படி விதிகளைக் கோத்துப் பார்த்து, குவிந்த அலாரங்களை இரண்டு மூன்று வரிகளாகச் சுருக்கித் தரும் இந்த மென்பொருள். எந்த விதியை வைத்து அந்த முடிவுக்கு வந்தது என்று கேட்டால் அதையும் காட்டும். இதன் பெரிய பலம் இதுதான் என்பேன். ஒரு நகரத்துக்கே மின்சாரத்தை நிறுத்த வேண்டிய பொறுப்பில் இருப்பவர், காரணம் தெரியாமல் எந்த ஆலோசனையையும் ஏற்க முடியாது, ஏற்கவும் கூடாது.

அலாரம் குவிவதைவிட ஆபத்தானது, அது வராமலே போவது. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு மின் நிறுவனத்தின் அலாரம் மென்பொருள் பிற்பகல் 2.14க்கு நிரல் பிழையால் நின்றுபோனது. அது நின்றதைக் கட்டுப்பாட்டு அறையில் யாரும் உடனே அறியவில்லை. ஒரு தடம் டிரிப் ஆகி (தானே துண்டிக்கப்பட்டு) மீண்டதைப் பற்றிப் பக்கத்து நிறுவனத்தார் தொலைபேசியில் கேட்டபோது, இங்கே திரையில் அதற்கான சுவடே இல்லை. பிறகு 3.05, 3.32, 3.41 மணிகளில் மூன்று 345 கிலோவோல்ட் தடங்கள் மரங்களில் பட்டு டிரிப் ஆயின. 4.10ஐ ஒட்டி மின் தொகுப்பு சரிந்து, அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தார்கள். ஆகவே, ‘தடத்தின் மின்னோட்டம் மாறியும் அலாரம் வராவிட்டால், அலாரம் மென்பொருளையே சந்தேகி’ என்பதும் விதித்தொகுப்பில் இருந்தாக வேண்டும்.

விதிகளை எழுதுவதைவிடக் கடினம், அவற்றைப் புதுப்பித்து வருவது. புதிய தடம் வந்தாலும், ரிலே அமைப்பை மாற்றினாலும், காற்றாலைகள் பெருகினாலும் விதி மாற வேண்டும். அதற்கென்று ஆளை ஒதுக்காத நிறுவனத்தில், சில ஆண்டுகளிலேயே மென்பொருள் பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு ஆலோசனை சொல்லத் தொடங்கிவிடும்.