வில்லியம்சனின் டிரான்ஸ்ஃபார்மர்

1947 ஏப்ரலில், லண்டனிலிருந்து வெளிவந்த ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் டி. டி. என். வில்லியம்சன் என்ற இளம் பொறியாளர் ஓர் ஆம்ப்ளிஃபயரை விவரித்து எழுதினார். மே இதழில் தொடர்ச்சி வந்தது. 15 வாட் ஒலி, அதில் சிதைவு 0.1 சதவீதத்துக்கும் குறைவு. அதைவிடப் பெரிய விஷயம், அவர் எதையும் மறைக்காதது. எந்த இடத்தில் எத்தனை ஓம் ரெசிஸ்டர் என்பதிலிருந்து, டிரான்ஸ்ஃபார்மரில் எந்தத் தடிமன் கம்பியை எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது வரை எல்லாமே அச்சில் இருந்தது. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த எவரும் செய்துகொள்ளலாம். செய்தார்கள். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் வீட்டு மேசைகளில் அது உருவாயிற்று. 1949இல் சார்சர், ஸ்பிரிங்கிள் என்ற இருவர் அதை அமெரிக்க வால்வுகளுக்கு ஏற்ப மாற்றி எழுதினார்கள்.

1947 டிசம்பரில்தான் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. வால்வை வீழ்த்தப்போகும் பொருள் வந்த வருடமே, வால்வு என்னவெல்லாம் செய்யும் என்று சாதாரண மனிதர்கள் கண்டுகொண்ட வருடமாகவும் அமைந்தது.

வால்வுக்குள் நடப்பது சொல்லச் சுருக்கமானது, நினைக்க நினைக்க விரிவது. நடுவில் ஒரு சிறு உலோகக் குழல், அதன் பெயர் கேத்தோடு. அதன்மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடுகளின் வெள்ளைப் பூச்சு. குழலுக்குள் ஓடும் இழை அதைச் சூடாக்குகிறது. வெறும் டங்ஸ்டனை 2,000 டிகிரிக்கு மேல் காய்ச்சினால்தான் எலக்ட்ரான்கள் போதிய அளவு வெளியே வரும். இந்தப் பூச்சு 800 டிகிரி அளவிலேயே, மங்கிய செந்நிறத்திலேயே, அவற்றை விட்டுவிடுகிறது. வெளியே வந்தவை குழலைச் சூழ்ந்து நிற்கின்றன. சற்றுத் தள்ளியிருக்கும் பிளேட்டுக்கு 400 வோல்ட் கொடுத்தால் அதை நோக்கிப் பாய்கின்றன. போய் மோதும்போது அவற்றின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 12,000 கிலோமீட்டர். உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடிக்குள், பாட்டு ஒலிக்கும் நேரமெல்லாம், இது நடந்துகொண்டிருக்கிறது.

இந்த ஓட்டத்தின் குறுக்கே மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று உண்டு. அதுதான் கிரிட். ஃபிளெமிங் 1904இல் செய்த வால்வில் அது இல்லை; சில ஆண்டுகளுக்குள் லீ டி ஃபாரஸ்ட் அதை நுழைத்தார். கிரிட் எதிர்மின் அழுத்தத்தில் வைக்கப்படுவதால் எலக்ட்ரான்கள் அதில் இறங்குவதில்லை, இடைவெளிகளின் வழியே கடந்துபோகின்றன. எனவே கிரிட் ஏறக்குறைய எந்த மின்னோட்டத்தையும் செலவழிப்பதில்லை. ஆனால் அதன் அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஓட்டம் முழுவதும் மாறுகிறது. ஈசிசி83 என்ற வால்வில் கிரிட்டின் 1 வோல்ட் மாற்றம் செய்யும் வேலையைப் பிளேட் செய்ய வேண்டுமானால் 100 வோல்ட் மாற வேண்டும். மைக்கிலிருந்தோ இசைத்தட்டின் ஊசியிலிருந்தோ வரும் மெல்லிய அலை பெரிதாவது இப்படித்தான்.

கண்ணாடியின் உட்புறத்தில், பெரும்பாலும் உச்சியில், வெள்ளி மினுமினுக்கும் பூச்சைப் பார்த்திருப்பீர்கள். அது பேரியம். உள்ளே மிச்சமிருக்கும் வாயுவைப் பிடித்து வைப்பது அதன் வேலை. கண்ணாடி விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் மினுமினுப்புப் போய் பால்வெள்ளையாகிவிடும். பழைய வால்வு வாங்குகிறவர் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

எல்லோரும் வியப்பது இந்தக் கண்ணாடியை. வில்லியம்சன் தலையைப் பிய்த்துக்கொண்டது வேறொன்றுக்காக. வால்வுகளுக்குப் பின்னால் கறுப்பாக உட்கார்ந்திருக்கும் இரும்புக் கட்டிக்காக.

வால்வு தருவது நிறைய வோல்ட், சொற்ப ஆம்பியர். ஸ்பீக்கர் கேட்பது நேர்மாறு. நடுவில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இரண்டும் ஒத்துப்போகா. வில்லியம்சன் பயன்படுத்திய இரண்டு கேடி66 வால்வுகளுக்கு 10,000 ஓம் சுமை வேண்டும். அன்றைய பிரிட்டிஷ் ஸ்பீக்கர் 15 ஓம். சுற்றுகளின் விகிதத்தை வர்க்கப்படுத்தினால் ஓம்களின் விகிதம் வரும். ஆகவே ஏறக்குறைய 26க்கு 1 என்று சுற்றினால் போதும் என்று தோன்றும். போதாது. மிருதங்கத்தின் தொப்பி கேட்க வேண்டுமானால் முதன்மைச் சுருளில் ஆயிரக்கணக்கான சுற்றுகளும் கனமான இரும்பும் தேவை. சுற்று கூடக்கூட இரண்டு சுருள்களும் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. ஒன்றின் காந்தப் புலம் முழுவதும் மற்றதற்குப் போய்ச் சேராமல் கசிகிறது. தாளத்தின் கணீர் ஓசை அங்கே மழுங்கிப்போகும். அடித்தொனிக்குக் கொடுத்தால் மேல்தொனி கெடும், மேல்தொனிக்குக் கொடுத்தால் அடித்தொனி கெடும்.

அவர் கையாண்ட வழி, சுருள்களைத் துண்டுதுண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குவது. முதன்மையில் ஒரு பகுதி, அதன்மேல் துணைச்சுருளில் ஒரு பகுதி, மறுபடி முதன்மை, மறுபடி துணை. சுற்றுகள் குறையவில்லை, ஆனால் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டன.

இத்தனை பாடு எதற்கு? எதிர்ப் பின்னூட்டத்துக்காக. 1927 ஆகஸ்டில் ஹெரால்டு பிளாக் என்ற பெல் ஆய்வகப் பொறியாளர், ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் வேலைக்குப் போகும்போது நியூயார்க் டைம்ஸ் தாளின்மேல் எழுதிப்பார்த்த யோசனை அது. வெளியே வரும் ஒலியில் ஒரு பகுதியை எடுத்து உள்ளே வரும் ஒலியோடு ஒப்பிட்டால், கூடுதலாகச் சேர்ந்த எல்லாமே பிழை, அதைக் கழித்துவிடலாம். வில்லியம்சன் 20 டெசிபெல் பின்னூட்டம் வைத்தார். அதாவது, பெருக்கத்தைப் பத்தில் ஒன்றாக்கினார். சிதைவும் ஏறக்குறைய அதே அளவுக்கு இறங்கியது. டிரான்ஸ்ஃபார்மரின் பிழையும் சேர்ந்து கழிய வேண்டும் என்பதற்காக, ஸ்பீக்கர் முனையிலிருந்தே பின்னூட்டத்தை எடுத்தார்.

அங்கேதான் ஆபத்து. டிரான்ஸ்ஃபார்மருக்குள் போகும் அலை, மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில் சற்று முந்தியும் மிக உயர்ந்தவற்றில் சற்றுப் பிந்தியும் வெளியே வருகிறது. அந்த நகர்வு அரைச் சுற்றானால், கழிக்க அனுப்பியது போய்க் கூட்டிவிடும். ஆம்ப்ளிஃபயர் தானாகவே ஊளையிடத் தொடங்கும். அதனால் 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் காது கேட்காவிட்டாலும் டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தாண்டி வெகுதூரம் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும். வேறு எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பிடிக்கலாம். இரும்பில் சிக்கனம் பிடித்தவர்களின் வில்லியம்சன் ஆம்ப்ளிஃபயர்கள், பாட்டே போடாதபோதும் ஸ்பீக்கரின் கூம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தன. 1949இல் அவரே திருத்திய வடிவம் ஒன்றை வெளியிட்டார்.

வால்வின் ஒலி இனிமை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு, அதில் மர்மம் இல்லை. ஒற்றை வால்வு சேர்க்கும் சிதைவில் முதலிடம் இரண்டாம் மடங்குக்கு. ஷட்ஜத்தைக் கொடுத்தால் கூடவே மெல்லிய மேல் ஷட்ஜத்தையும் சேர்த்துத் தரும். மூன்றாம் மடங்கு மேல் பஞ்சமம். ஐந்தாம் மடங்கு, நல்ல தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரம். ஏழாவது எந்த ஸ்வரத்திலும் சரியாக உட்காராது. ஆகவே, தாழ்ந்த மடங்குகளில் நின்றுவிடும் சிதைவைக் காது மன்னிப்பது மட்டுமல்ல, சில சமயம் விரும்பவும் செய்கிறது. ஆனால் இது தனிக்குரலுக்குத்தான் பொருந்தும். பல வாத்தியங்கள் ஒன்றாக ஒலித்தால் அவற்றின் அதிர்வெண்கள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் புதிய ஒலிகளைப் பிறப்பிக்கின்றன. அவை எந்த ராகத்திலும் சேராத குப்பை. ஒற்றை வால்வு ஆம்ப்ளிஃபயர், வில்லியம்சனுடையது இரண்டையும் கேட்ட பிறகு நான் வில்லியம்சன் பக்கம்தான்.

இருந்தாலும், புதிதாகத் தொடங்குகிறவர் அவருடைய வடிவத்தில் தொடங்க வேண்டாம். ஒரே ஒரு ஈஎல்84 போதும். பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் தயாரித்த வால்வு அது. இன்றும் ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் புதிதாகச் செய்கிறார்கள். 250 வோல்ட் கொடுத்து, கேத்தோடில் 135 ஓம் ரெசிஸ்டர் போட்டால், அதன் குறுக்கே மல்டிமீட்டர் 7 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். ஓம் விதிப்படி வகுத்து, ஸ்கிரீன் கிரிட்டின் (முதல் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே இருக்கும் இரண்டாவது கிரிட்டின்) பங்கைக் கழித்தால், பிளேட்டில் ஓடுவது 48 மில்லி ஆம்பியர். 250ஆல் பெருக்கினால் 12 வாட். அந்தப் பிளேட் தாங்கும் உச்சவரம்பும் 12 வாட்தான். பள்ளிக்கூடத்தில் படித்த விதி, கை சுடும் கண்ணாடியாக எதிரே நிற்கும்.

250 வோல்ட் டிசி உயிரைப் பறிக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் அது தங்கியிருக்கும். அதன் குறுக்கே மின்னூட்டத்தை வடிக்கும் ரெசிஸ்டர் ஒன்று நிரந்தரமாக இருக்க வேண்டும். அப்படி இருந்தாலும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் கைவைக்கக் கூடாது. வேலை ஒரு கையால் மட்டும். ஸ்பீக்கரை இணைக்காமல் ஒருபோதும் ஓட்டக் கூடாது. சுமையில்லாத டிரான்ஸ்ஃபார்மரில் எழும் அழுத்தம் சுருளையே எரித்துவிடும்.

அதன்பிறகு சோதனை தொடங்கலாம். ஸ்கிரீன் கிரிட்டின் கம்பியைச் சப்ளையில் இணைத்தால் 5.7 வாட் கிடைக்கும், கூடவே 10 சதவீதச் சிதைவும். அதையே பிளேட்டோடு சேர்த்தால் வால்வு டிரையோடாகிவிடும், அதாவது ஒரே ஒரு கிரிட் உள்ள வால்வைப் போல நடந்துகொள்ளும்: 2 வாட்கூட வராது, ஆனால் ஸ்பீக்கரின் கூம்பு கட்டுக்குள் வரும், அடித்தொனியின் வீக்கம் வடியும். 1951இல் ஹாஃப்லரும் கெரோஸும் மூன்றாவது இடம் ஒன்றைப் பரப்பினார்கள்: முதன்மைச் சுருளின் இடையே ஓரிடத்தில் எடுத்த டேப்பிங். அங்கே இணைத்தால் சப்ளையில் இணைத்ததற்கு நெருங்கிய வாட், டிரையோடுக்கு நெருங்கிய கட்டுப்பாடு. அந்த டேப்பிங் 20 சதவீதத்தில் இருப்பதா 43 சதவீதத்தில் இருப்பதா என்பதில் மல்லார்டு நிறுவனமே இரண்டையும் சொல்லியிருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகிறவரிடம் இரண்டு டேப்பிங்கும் வேண்டும் என்று முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. சுற்றி முடித்து வார்னிஷ் போட்ட பிறகு சேர்க்க முடியாது.