பாரிஸ் கடைக்குப் பட்டுச்சேலை காட்டப் போறீங்களா? பிசினஸ் விசாவில் எது செய்யலாம், எது கூடாது?

திருவண்ணாமலை மாவட்டம் தேசூரில் தறி வைத்திருக்கும் ஒரு பட்டு வியாபாரி என்று வைத்துக்கொள்வோம். ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த பாரிஸ் லா சப்பல் பகுதியிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் கூப்பிடுகிறார். "நேர்ல வந்து டிசைன் காட்டுங்க, பிடிச்சா ஆர்டர் தர்றேன்." வியாபாரிக்கு உடனே வரும் யோசனை: முப்பது சேலையை எடுத்துட்டுப் போய், மிச்சத்தை அங்கேயே வித்துட்டு வந்தா என்ன?

சிக்கலே அங்கேதான்.

பிசினஸ் விசாவில் போனால் சேலையைக் காட்டலாம், விலை பேசலாம், ஆர்டர் எடுக்கலாம், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம். கடை விரித்துப் பொதுமக்களிடம் விற்பதும், சம்பளத்துக்கு வேலை பார்ப்பதும் இதில் வராது. சிங்கப்பூரில் தீபாவளிச் சந்தை ஸ்டாலில் நின்று விற்கவும் விசிட் பாஸ் மட்டும் போதாது. "ரெண்டு நாள்தானே, யார் கேட்கப் போறா" என்று நினைத்துப் பிடிபட்டால், திருப்பி அனுப்புவதோடு முடியாது. அடுத்த விசாவுக்கும் அது குறுக்கே வந்து நிற்கும்.

சரி, விசா எப்படி வாங்குவது?

பிரான்ஸுக்கு ஷெங்கன் விசா. 29 நாடுகளுக்கு இந்த ஒரே விசா போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். எந்த 180 நாளைக் கணக்கில் எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். முடிவு வர வழக்கமாக 15 நாள், சில நேரம் 45 நாள்கூட ஆகும். முகூர்த்த சீசனை நம்பி டிக்கெட் போடுகிறவர்கள் இதை மனதில் வைப்பது நல்லது. கட்டணம் 90 யூரோ. விசா கிடைக்காவிட்டாலும் அது திரும்பி வராது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். கைரேகை கொடுக்க சென்னை விஎஃப்எஸ் மையத்துக்கு நேரில் போக வேண்டும்.

அழைப்புக் கடிதம் ரொம்ப முக்கியம். 'வாருங்கள்' என்று ஒரு வரி எழுதினால் போதாது. யார் வருகிறார், எதற்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, தங்கும் செலவு யாருடையது என்பதெல்லாம் கடையின் லெட்டர்பேடில் இருக்க வேண்டும்.

உங்கள் பக்கத்தில் ஜிஎஸ்டி பதிவு, வருமான வரிக் கணக்கு, வங்கி ஸ்டேட்மென்ட் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். ரொக்கத்திலேயே தொழில் ஓட்டுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். விண்ணப்பிக்கிற வாரத்தில் மச்சானிடம் வாங்கி இரண்டு லட்சத்தைக் கணக்கில் போட்டால், அது பணபலத்தைக் காட்டாது, சந்தேகத்தைத்தான் கிளப்பும். டிஜிஎஃப்டி ஆன்லைனில் தரும் ஏற்றுமதி-இறக்குமதி எண்ணையும் (ஐஇசி, கட்டணம் 500 ரூபாய்) வாங்கிவிடுங்கள். விசாவுக்கு அது கட்டாயம் இல்லை. ஆனால் நீங்கள் ஏற்றுமதி செய்யப்போகிறவர் என்பதற்கு அது சான்று. ஆர்டர் கிடைத்தால் சரக்கு அனுப்பவும் அதுதான் வேண்டும். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதைப் புதுப்பித்து உறுதிசெய்யாவிட்டால் எண் முடங்கிவிடும்.

இன்ஷியல் தொல்லை

நம்ம ஊர்ப் பெயர்களுக்கே உரிய பிரச்சினை இது. ஜிஎஸ்டி சான்றில் இன்ஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, பாங்க் பாஸ்புக்கில் இன்னொரு மாதிரி. மூன்றும் ஒரே ஆள்தான் என்று பார்க்கிற அதிகாரிக்குத் தெரியாது. விண்ணப்பத்துக்கு முன்பே சரிசெய்துவிடுங்கள். துபாய் பக்கம் போகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் சொன்னது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்போம் என்ற விளக்கம் பிறகு வந்தது.

பத்தாவது முடிக்காத நெசவாளர்களின் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் முத்திரை இருக்கும். பயப்பட வேண்டாம். மலேசியா, வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால்தான் குடிபெயர்வு அனுமதி தேவை. வியாபாரம் பேசிவிட்டுத் திரும்புவதற்குத் தேவையில்லை.

அந்த முப்பது சேலை?

சூட்கேஸில் போட்டு எடுத்துப் போனால் இரண்டு ஊர் கஸ்டம்ஸிலும் பதில் சொல்ல வேண்டி வரும். சாம்பிளைக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவருவதற்கென்றே 'ஏடிஏ கார்னெட்' என்ற ஆவணம் இருக்கிறது. இந்தியாவில் ஃபிக்கி அமைப்பு தருகிறது. அதிகபட்சம் ஓராண்டு செல்லும். எடுத்துப்போன அத்தனை சேலையும் திரும்பி வந்தாக வேண்டும். ஒன்றை அங்கே விற்றாலும் அந்த நாட்டு வரியைக் கட்ட வேண்டும்.

முதல் பயணத்துக்குப் பெரும்பாலும் குறைந்த நாள் விசாதான் கிடைக்கும். 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த விதிப்படி, மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களை முறையாகப் பயன்படுத்தியவர்களுக்கு, பலமுறை போய்வரும் இரண்டு ஆண்டு விசா கிடைக்க வாய்ப்புண்டு. அதையும் ஒழுங்காகப் பயன்படுத்தினால், பாஸ்போர்ட்டில் காலம் மிச்சமிருந்தால், அடுத்தது ஐந்தாண்டு.