நடப்பது கால், தாங்குவது இடுப்பு

பாதத்தில் விழும் அழுத்தத்தை வயிற்றுத் தசைகளால் மாற்ற முடியுமா? பாதயாத்திரைக்குக் கிளம்புகிறவர்களுக்கு, முக்கியமாக சர்க்கரை நோயாளிகளுக்கு, சில உண்மைகள்.

புரட்டாசி பிறந்தால் நாகலாபுரம் சாலையில் கால்நடையாகக் கூட்டம் வரத் தொடங்கிவிடும். சென்னையிலிருந்து பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாக வந்து, ஆந்திர எல்லையைத் தாண்டி, பிச்சாட்டூர், நாராயணவனம், புத்தூர் என்று திருப்பதி நோக்கிப் போகிற பாதயாத்திரைக்காரர்கள் இவர்கள். மஞ்சள் வேட்டி, தோளில் ஒரு பை, வாயில் கோவிந்த நாமம். பலர் காலில் செருப்பு இருக்காது.

தூரம் சுமார் 130 கி.மீ. ஓர் எட்டுக்கு 70 செ.மீ. என்று வைத்தால் 1.8 லட்சம் எட்டுகளுக்கு மேல் ஆகிறது. அதாவது ஒவ்வொரு பாதமும் 90,000 தடவைக்கு மேல் தரையில் விழுந்து எழ வேண்டும். அதன் பிறகு அலிபிரியில் 3,550 படிகள் காத்திருக்கின்றன. கொப்புளம், குதிகால் வலி, முன்பாத எரிச்சல் எல்லாம் வழியிலேயே வந்து சேர்ந்துகொள்ளும்.

பாதம் நொந்தால் பாதத்துக்குத்தான் வைத்தியம் என்பது வழக்கம். உடற்பயிற்சிக்கூடங்களில் இப்போது வேறு மந்திரம் ஒலிக்கிறது: "கோர்" தசைகளை, அதாவது வயிறு, இடுப்பு, முதுகைச் சுற்றியுள்ள நடுவுடல் தசைகளைப் பலப்படுத்துங்கள், நடை சீராகும், பாதம் தப்பிக்கும். இதில் உண்மை உண்டு. ஆனால் சொல்லப்படுகிற அளவுக்கு இல்லை.

ஓர் எட்டின் கணக்கு

நடக்கும்போது ஒவ்வொரு காலும் தன் நேரத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் தரையிலும் 40 சதவீதம் காற்றிலும் இருக்கிறது. ஒரு கால் காற்றில் இருக்கும்போது முழு உடம்பும் மற்றொரு காலின் தலையில்தான். குதிகால் ஊன்றும்போதும் விரல்கள் உந்தும்போதும் உடல் எடையைவிட 10 முதல் 20 சதவீதம் கூடுதல் விசை பாதத்தில் இறங்குகிறது. 70 கிலோ மனிதரின் கால் அந்த நொடியில் 80 கிலோவுக்கு ஈடாகத் தாங்குகிறது.

புண்ணாவதும் நோவதும் எடையை மட்டும் பொறுத்ததல்ல. அந்த எடை எவ்வளவு பரப்பில் விழுகிறது என்பதுதான் அழுத்தம். பாதம் முழுவதும் பரவினால் பாதகமில்லை. பெருவிரல் அடியில் இருக்கும் எலும்பு முனை ஒன்றின் மீதே குவிந்தால், முதலில் தோல் தடிக்கும், பிறகு கிழியும்.

இங்கேதான் இடுப்பு வருகிறது. தலை, கைகள், முண்டம் மூன்றும் சேர்ந்தால் உடல் எடையில் மூன்றில் இரண்டு பங்கு. இந்த மேல்பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் அதைச் சரிக்கட்டும் வேலை பாதத்துக்குப் போகிறது. இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு நடக்கும் பெண்ணைப் பார்த்தாலே புரியும். குடம் ஒரு பக்கம், உடம்பின் வளைவு மறுபக்கம். இரண்டையும் சமன் செய்வது நடுவுடல் தசைகள். அவை தளர்ந்திருந்தால் குடம் இல்லாமலே உடம்பு ஆடும்.

வயிற்றை அரைக்கச்சை போலச் சுற்றியிருக்கும் உள்தசை, முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகள், மேலே உதரவிதானம், கீழே இடுப்புத் தளத் தசைகள் - இவை நான்கும்தான் இந்தக் கூட்டணி. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பால் ஹாட்ஜஸும் கரோலின் ரிச்சர்ட்சனும் 1990களில் கண்டறிந்த விஷயம் முக்கியமானது. ஆரோக்கியமானவர்கள் கையையோ காலையோ அசைக்கும் முன்பே அந்த வயிற்று உள்தசை முந்திக்கொண்டு இறுகிவிடுகிறது. முதுகுவலிக்காரர்களிடம் அது தாமதமாக விழித்துக்கொள்கிறது.

கிடைப்பதும் கிடைக்காததும்

பலன் தெளிவாகத் தெரிவது பக்கவாதம் வந்தவர்களிடம்தான். முண்டத்துக்கான பயிற்சிகள் அவர்களுக்கு உடலை நிமிர்த்தி வைக்கவும், தடுமாறாமல் நிற்கவும், நடக்கவும் உதவுகின்றன என்று பல சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் அறிக்கை 2023ல் சொன்னது. முதியவர்களின் தள்ளாட்டத்தைக் குறைக்கவும் இவ்வகைப் பயிற்சி கைகொடுக்கிறது.

பாத அழுத்தம் என்று வரும்போது சான்று மெலிந்துவிடுகிறது. உணர்விகள் பதித்த தட்டின் மீது நடக்கவிட்டு அளந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறு குழுக்களில், சில வாரங்களே நடந்தவை. சிலரிடம் இடது வலது பாரம் சமமாகியது, ஆட்டம் குறைந்தது. எல்லா ஆய்வும் ஒரே பதிலைச் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் நிச்சயம். எந்தப் பயிற்சியும் பாரத்தை மாயமாக்காது. 70 கிலோ எடை 70 கிலோதான். அது எங்கே, எவ்வளவு சீராக இறங்குகிறது என்பதைத்தான் தசைகள் கொஞ்சம் மாற்ற முடியும். நெடுந்தூரத்தில் இந்தக் கொஞ்சத்துக்கும் மதிப்பு உண்டு. மாரத்தான் ஓடி முடித்தவர்களை அளந்தபோது, களைப்பில் பாரம் முன்பாதத்துக்கு நகர்ந்திருந்தது தெரிந்தது.

வலிக்காத கால்

வலிக்கிற காலைவிட ஆபத்தானது வலிக்காத கால். இந்தப் பாடம் வேலூரில் எழுதப்பட்டது. 1946ல் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்ணை நோய் தானாக உண்டாக்குவதில்லை என்று காட்டினார். உணர்ச்சி போன இடத்தில் அழுத்தம் திரும்பத் திரும்ப விழுவதே காரணம். வலி இருந்தால் மனிதன் தன்னை அறியாமலே நொண்டி, பாரத்தை வேறு பக்கம் மாற்றிக்கொள்வான். வலி இல்லாதவன் அதே இடத்தில் மிதித்துக்கொண்டே போவான். வேலூரிலும் அருகே கரிகிரியிலும் நடந்த இந்தப் பணியில் உருவானதுதான் எம்.சி.ஆர். என்ற மென்ரப்பர் செருப்பு.

இன்று அதே செருப்பு சர்க்கரை நோயாளிகளுக்குத் தேவைப்படுகிறது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023ல் கணக்கிட்டது. பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுப்படாதவர்களில் பலருக்குப் பாத நரம்புகள் மரத்துப்போகின்றன. சென்னை ராயபுரத்தில் உள்ள எம்.வி. நீரிழிவு மருத்துவமனையின் குழு 2004ல் வெளியிட்ட ஆய்வில், மென்மையான அடித்தட்டுள்ள செருப்பு அணிந்தவர்களுக்குப் பாத அழுத்தமும் குறைந்தது, புதுப் புண்களும் வெகுவாகக் குறைந்தன.

ஆகவே மரத்த காலோடு யாத்திரை கிளம்புகிறவருக்கு வயிற்றுப் பயிற்சி காப்பு ஆகாது. 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து உணர்ச்சி இருக்கிறதா என்று மருத்துவர் சில நிமிடங்களில் பார்த்துவிடுவார். உணர்ச்சி இல்லையென்றால் வெறுங்காலோடு நடப்பது கூடாது. கோயில் வாசல்வரை செருப்பு, தினமும் இரவில் பாதத்தைப் புரட்டிப் பார்ப்பது - இரண்டும் கட்டாயம்.

புறப்படும் முன்

மற்றவர்கள் ஆறு, எட்டு வாரம் முன்பே ஆரம்பிக்கலாம். மல்லாந்து படுத்து, முட்டி மடக்கி, இடுப்பை மட்டும் உயர்த்துவது ஒன்று. யோகாசனக்காரர்கள் இதை சேதுபந்தாசனம் என்பார்கள். கையும் முட்டியும் ஊன்றி, ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டுவது இன்னொன்று. முழங்கை ஊன்றிப் பலகை போல நிற்பது மூன்றாவது. ஒவ்வொன்றும் பத்து நொடி, சில தடவை போதும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. ரத்த அழுத்தம், குடலிறக்கம், அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். இதோடு நடைதூரத்தையும் வாரவாரம் கூட்டிவர வேண்டும். நடக்கப் பழகாத கால் வேறு எதற்கும் மசியாது.

நாகலாபுரம் வேதநாராயண சுவாமி கோயிலில் ஆண்டுதோறும் மார்ச் மாதம் சூரிய பூஜை நடக்கும். மாலை வெயில் கருவறைக்குள் நுழைந்து முதல் நாள் பெருமாளின் பாதத்தில் விழும். அடுத்த நாள் உடலின் நடுப்பகுதியில், மூன்றாம் நாள் திருமுகத்தில். அந்த ஊரைக் கடந்து ஏழுமலையானைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் அதுவே வரிசை. முதலில் பாதத்தைப் பாருங்கள். பிறகு இடுப்பைத் திடப்படுத்தலாம். திருமுக தரிசனம் அதற்கப்புறம்.